தட்டிக் கேட்டால் சொல்லும்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம், "நீங்கள் வாழ்நாளெல்லாம் பௌதிகத்தில் என்னதான் செய்தீர்கள் என்று அரை மணி நேரம் சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்படி" என்று கேட்டுக்கொண்டார்கள். அரை மணி நேரம் என்பது சுலபம். எல்லோருக்கும் புரியும்படி என்பதுதான் கஷ்டம். என் அம்மா இருந்தவரை லீவில் வரும்போதெல்லாம் என்னைக் கேட்பாள்: "ஏண்டா, நீ ஆபீஸ்ல என்னதான் பண்றே?" நானும் ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்வேன். "சரி, நன்னா பண்ணு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் கணக்குப் போட்டவன்; பரிசோதனைச் சாலையில் கைவைத்தவன் அல்ல. உத்தியோகத்தின் கடைசிப் பதினைந்து வருஷமும், ஓய்வு பெற்ற பின்னும், என் வேலை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். மிக மிகக் குளிர்ந்த அணுக்களின் கூட்டம். அதில் இரண்டு ஜாதி அணுக்கள். இரண்டும் சம எண்ணிக்கையில் இல்லை. அந்தக் கூட்டத்தைத் தட்டினால் அது எப்படி ஆடும்? இவ்வளவுதான் கேள்வி. இதற்கும் தங்கவயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு சம்பந்தம் உண்டு.

முதல் சம்பந்தம் 1965. அப்பா சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. எனக்குப் பதினாறு வயது. அந்த நாளில் ஜப்பானியர்கள், வெள்ளைக்காரர்கள், பம்பாயிலிருந்து வந்த நம்மவர்கள் என்று ஒரு கூட்டம் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. தங்கம் எடுக்க வந்தவர்கள் இல்லை என்று மட்டும் ஊருக்குத் தெரியும். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையம், ஒஸாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து, தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே ஒரு பரிசோதனை வைத்திருந்தன. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், ரமணமூர்த்தி, வி.எஸ். நரசிம்மம், மியாகே, வுல்ஃபென்டேல் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் மழையாகப் பெய்துகொண்டே இருக்கின்றன. அந்த இரைச்சலில் நியூட்ரினோ என்ற துகளின் குரல் கேட்காது. பாறை இரைச்சலை வடிகட்டும். இன்னும் ஆழத்தில் முன்பு ஒரு கருவி வைத்துப் பார்த்தபோது, இரண்டு மாதத்தில் ஒரு துகள் கூடப் பதிவாகவில்லையாம். வேறு யாராவது என்றால் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள். இவர்கள், "ஆஹா, இதுவல்லவா நிசப்தம்" என்று நியூட்ரினோவைத் தேட அங்கேயே உட்கார்ந்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பாறையில் மோதி உண்டாக்கிய துகள்களைக் கண்டுபிடித்து 1965 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழு அதையே கண்டு, அவர்கள் கட்டுரை அதே மாதக் கடைசியில் வந்தது. உலகத்தில் இரண்டே இடம்; இரண்டும் தங்கச் சுரங்கம்; அதில் ஒன்று இது. பின்னால் 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் எடையில் இன்னொரு கருவி வந்தது. அது சிதைந்ததாக இவர்கள் சந்தேகித்த சில நிகழ்வுகளைப் பிற நாட்டுப் பெரிய கருவிகள் உறுதிப்படுத்தவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆழத்துச் சுரங்க வேலை குறைந்தது, ஆய்வும் நின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடியது. நீர் இறைப்பது நின்றபின் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது.

அப்பாவின் சிபாரிசில் அந்த நாளில் ஒரே ஒரு தடவை நான் கீழே இறங்கினேன். கேஜில் இறங்கும்போது காது அடைத்தது. கீழே வெக்கை என்றால் அப்படி ஒரு வெக்கை. சாம்பியன் ரீஃபின் அடிமட்டம் 3 கிலோமீட்டருக்கும் கீழே. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலேயிருந்து அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்ய முடிந்தது. ஆட்கள் என்று சொல்கிறேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்தார். நம்மவர்கள் பெரும்பாலும் மேலே, மின்விசிறிக்குக் கீழே, லெட்ஜரோடு இருந்தோம். இந்த ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதை விட்டுவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கேதான் இரண்டாவது சம்பந்தம். எங்களை அழைத்துப் போன பெரியவர் ஓர் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார். "சாமி, அங்கியே நில்லுங்க." கடப்பாரையை எடுத்துத் தலைக்கு மேல் இருந்த பாறையைத் தட்டினார். 'டங்' என்றது. நாலடி தள்ளித் தட்டினார். 'டப்' என்றது. "இங்க விட்டிருக்கு. இந்தாண்ட வாங்க." கண்ணுக்கு இரண்டு இடமும் ஒன்றுதான். சத்தம் வேறு. உள்ளே பாறை பிளந்திருக்கிறது என்பதை அந்த மனிதர் உடைத்துப் பார்க்கவில்லை, தட்டிக் கேட்டார்.

நான் வாழ்நாளெல்லாம் செய்தது அதுதான். நீங்கள் எல்லோரும் செய்வதும் அதுதான். கடையில் பித்தளைக் குடத்தை விரலால் சுண்டிப் பார்க்கிறோம். கடம் வித்வான் பத்து கடத்தைத் தட்டி ஒன்றை எடுக்கிறார். சுண்டினால் குடத்தின் ஓர் இடம் மட்டும் அதிர்வதில்லை. குடம் முழுதும் சேர்ந்து அதிர்கிறது. இந்தச் சேர்ந்தாடுவதற்குப் பெயர்தான் கூட்டுக் கிளர்வு. தங்கவயல்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொன்னால் போதும். பூமிக்கடியில் ராக் பர்ஸ்ட் ஆகும்போது ஊரில் எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரே சமயத்தில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். அம்மா அப்படியே ஸ்வாமி படத்தைப் பார்த்துக் கைகூப்புவாள். யார் வீட்டு மனிதர் எந்த ஷிஃப்டில் இருக்கிறார் என்ற கணக்கு அந்த ஒரு விநாடியில் தெரு முழுக்க ஓடும். அதிர்வு ஒன்று, கூட்டம் ஒன்று.

இப்போது அணுக்களுக்கு வருகிறேன்.

உங்கள் செல்போன் பாட்டரியில் இருக்கும் லித்தியம்தான் நம் கதாநாயகன். அதில் இரண்டு வகை உண்டு. லித்தியம் 6 என்பதில் 3 புரோட்டான், 3 நியூட்ரான், 3 எலெக்ட்ரான், மொத்தம் 9. லித்தியம் 7ல் மொத்தம் 10. ஒற்றைப்படை வந்தால் அந்த அணு ஃபெர்மியான். இரட்டைப்படை வந்தால் போஸான், நம் சத்யேந்திரநாத் போஸின் பெயர் கொண்டது. போஸான்கள் கூட்டுக் குடும்பம் மாதிரி; எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே அறையில் படுத்துக்கொள்வார்கள். ஃபெர்மியான்கள் ஆசாரம் மிகுந்தவை; ஒருவர் உட்கார்ந்த மணையில் இன்னொருவர் உட்காராது. இந்த மடி ஆசாரம்தான் வெள்ளைக் குள்ள நட்சத்திரங்கள் தம் எடையிலேயே நொறுங்காமல் தாங்குகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று கணக்குப் போட்டு நோபல் பரிசு வாங்கியவர் நம் எஸ். சந்திரசேகர்.

ஒவ்வொரு ஃபெர்மியானுக்கும் ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. நம் கூட்டத்தில் மேல்நோக்கி, கீழ்நோக்கி என்று இரண்டே நிலை. பம்பரம் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சரியான உவமை இல்லை, ஆனாலும் பாதகமில்லை. நல்ல குளிரில், ஒரே ஸ்பின் கொண்ட இரண்டு லித்தியம் அணுக்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே கொள்ளாது. எதிர் ஸ்பின் இருந்தால் ஈர்ப்பு உண்டு, ஜோடி சேரும். அப்படி எல்லாம் ஜோடி ஜோடியாகிவிட்டால், அந்த வாயு மீப்பாய்மம் ஆகிவிடும். உராய்வே இல்லாமல் ஓடும். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் இப்படி ஜோடி சேர்ந்தால் அதுதான் மின்தடையற்ற கடத்தி. அதன் விளக்கத்தை 1957ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் கொடுத்தார்கள்.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்? ஊட்டி இல்லை, சியாச்சின் இல்லை. அடிமட்டக் குளிரான சைபர் கெல்வினுக்கு மேல், ஒரு டிகிரியைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, சுமார். லேசர் ஒளியால் அணுக்களின் வேகத்தைக் குறைத்து, பிறகு வெற்றிடத்தில் ஒளியாலும் காந்தத்தாலும் ஆன ஒரு கிண்ணத்தில் பிடித்து வைத்து, சூடான அணுக்களை மட்டும் தப்பிக்க விட்டு மிச்சத்தைக் குளிரவைக்கிறார்கள். நாம் காபியை ஊதி ஆற்றும் அதே தத்துவம். கடைசியில் மிஞ்சுவது சில லட்சம் அணுக்கள். நாம் மூச்சு விடும் காற்றைவிடப் பல லட்சம் மடங்கு மெல்லியது. சுமார் 832 காஸ் காந்தப் புலத்தில் வைத்தால் எதிர் ஸ்பின் அணுக்களுக்குள் ஈர்ப்பு இயற்கை அனுமதிக்கும் உச்சத்துக்குப் போய்விடும். அறுபது டிகிரி பாறையைத் தொட்டவன் நான். ஆயுளின் பிற்பகுதியை இந்தக் குளிரில் கழித்தேன்.

சரி. இரண்டு ஸ்பினும் சம எண்ணிக்கையில் இருந்தால் எல்லாம் சுபம். ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்றால்?

இதற்கு உவமை நான் தேட வேண்டியதே இல்லை. நம் பத்திரிகையின் வரன் பக்கங்களைத் திருப்பினால் போதும். பிள்ளைகள் பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். பெண்கள் பட்டியல் சட்டென்று முடிந்துவிடும். (சிரிப்பு) மாமிகள் கோபிக்கக் கூடாது, இது உவமைதான். ஜோடி சேர்ந்தவர் போக மீதி இருப்பவர்கள் எங்கே போவார்கள்? ஜோடி சேர்ந்தவர்களை நிம்மதியாக இருக்க விடுவார்களா, கலைத்துவிடுவார்களா?

இந்தக் கேள்வியை 1962ல் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாக்ஸ்டன். இன்னொருவர் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் இருந்த, இந்தியாவில் பிறந்த பி.எஸ். சந்திரசேகர். முன்னே சொன்ன சந்திரசேகர் வேறு, இவர் வேறு. அந்தப் பெரிய பெயரின் நிழலில் இவரை நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியவில்லை. அவர்கள் சொன்னது இதுதான். ஜோடி சேர்வதால் ஒரு லாபம் உண்டு. ஜோடியை விட்டு ஸ்பினைத் திருப்பிக்கொண்டால் காந்தப் புலம் கொடுக்கும் லாபம் ஒன்று உண்டு. இரண்டாவது லாபம் பெரிதாகும் இடத்தில் ஜோடிகள் உடையும். அதுதான் எல்லை. ஆனால் உலோகத்தில் இதைச் சோதிப்பது பெரும்பாடு. காந்தப் புலம் வேறு வழியிலேயே மின்தடையற்ற நிலையைக் கெடுத்துவிடும். இந்தக் குளிர்ந்த வாயுவில் அந்தத் தொல்லை இல்லை. ரேடியோ அலையால் கொஞ்சம் அணுக்களின் ஸ்பினைத் திருப்பி, எது எத்தனை வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்ளலாம்.

எம்.ஐ.டி.யில் கெட்டர்லே குழு இதைச் செய்து 2006ல் வெளியிட்டது. எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். ஒரு நூறு அணுவில் 85 ஒரு பக்கம், 15 மறுபக்கம் என்ற அளவு ஏற்றத்தாழ்வு வரைக்கும்கூட மீப்பாய்மம் தாங்குகிறது. அதற்கு மேல்தான் குலைகிறது. எப்படித் தாங்குகிறது என்றால், ஜோடிகள் கிண்ணத்தின் நடுவில் சம எண்ணிக்கையில் கூடிக்கொள்கின்றன. ஜோடி இல்லாதவை வெளியே தள்ளப்பட்டு, தேங்காயின் ஓடு போலச் சுற்றி நிற்கின்றன.

டெக்ஸாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹுலே குழு அதே காலத்தில் வேறு விடை சொன்னது. அவர்கள் கிண்ணம் முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகமானாலும் ஜோடிகள் கலையவில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள், இரண்டு பக்கமும் கவனமான வேலை. எங்களைப் போல் கணக்குப் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்; ஆளுக்கொரு சமாதானம் எழுதினோம். நான் எழுதிய சமாதானம் தப்பு. கடைசியில் ரைஸ் குழுவே 2011ல் விடை கண்டது. குளிர்விக்கும்போது நடுவிலிருந்து அணுக்கள் அதிகம் தப்பிவிடுகின்றன. எல்லைக்கோட்டில் ஜோடி இல்லாதவை உள்ளே வெளியே போக முடியாமல் தடைபடுகின்றன. அதனால் மேகம் சமநிலைக்கு வராமலே 2 விநாடி வரை அப்படியே நின்றுவிடுகிறது. தம் பழைய முடிவின் காரணத்தைத் தாமே தோண்டி எடுத்து அச்சில் போட்டார்களே, அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இனி தட்டிக் கேட்கும் கட்டம். பாரிஸில் சாலமன் குழு 2009ல் செய்தது. கிண்ணத்தின் பிடியைச் சற்று மாற்றி விட்டால், மேகம் நீளவாக்கில் சுருங்கி விரியும்; மூச்சு விடுவது போல. எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். அந்தக் கிண்ணத்தில் ஒற்றை அணு 10 தடவை ஊசலாடும் நேரத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று கண்டுகொள்ளாத அணுக்கள் என்றால் மேகம் 20 தடவை சுருங்கி விரியும். உச்ச ஈர்ப்பில் ஒரே உடம்பாக ஆடும் கூட்டம் என்றால் 15½ தடவை. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: ஒன்றை ஸட்ஜமாக வைத்தால் மற்றது அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவில் விழுகிறது. அபஸ்வரம்தான். ஆனால் இயற்கையின் ஸ்வரஸ்தானம் அது. ஐந்தில் பன்னிரண்டு என்ற பின்னத்தின் வர்க்கமூலம்.

ஏற்றத்தாழ்வு குறைவாக இருந்தபோது இரண்டு ஸ்பினும் கைகோத்துக்கொண்டு அந்த 15½ல் ஆடின. ஏற்றத்தாழ்வை மிக அதிகமாக்கியபோது கை விட்டது. பெரும்பான்மை தன் இஷ்டத்துக்கு 20ல் ஆட, சிறுபான்மை வேறு கதியில், 23க்குச் சற்று மேல் ஆடியது. ஒரே கிண்ணம், ஒரே தட்டல், இரண்டு ஸ்வரம். சுரங்கத்துப் பெரியவர் கேட்ட டங், டப் மாதிரி, ஜோடி நிலை விட்டுப்போன இடத்தை இந்தச் சத்தம் காட்டிக்கொடுத்தது.

சிறுபான்மை ஏன் வேகமாக ஆடுகிறது? இதில்தான் எனக்குப் பல வருஷம் போயிற்று. கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அப்பாவைப் பாருங்கள். அவர் தனியாக நடக்க முடியாது. சமையல்காரர், நாதஸ்வரக்காரர், சம்பந்தி வீட்டு மனிதர் என்று நாலு பேர் ஒட்டிக்கொண்டே வருவார்கள். அவர் எடை கூடினாற்போல் ஆகிவிடும். பெரும்பான்மை நடுவே தனித்து நிற்கும் அணுவும் அப்படித்தான், சுற்றியிருப்பவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே நகர்கிறது. இந்த மூட்டைக்கு போலரான் என்று பெயர். எடை கூடினால் மெதுவாக அல்லவா ஆட வேண்டும்? வாஸ்தவம். ஆனால் கூட்டம் நெருக்கமாக இருப்பது கிண்ணத்தின் நடுவில். அந்த நெருக்கம் இதை நடுவை நோக்கி இழுக்கிறது; அதற்கு மட்டும் கிண்ணம் இன்னும் செங்குத்தானது போல. எடை மெதுவாக்கப் பார்க்கிறது, இழுப்பு வேகமாக்கப் பார்க்கிறது, இழுப்பு ஜெயிக்கிறது. இழுப்பு எவ்வளவு என்பது வேறு வழியில் தெரியும். ஆகவே ஆடும் வேகத்திலிருந்து எடையைக் கணக்கிட்டுவிட்டார்கள்: சாதாரண அணுவைப் போல் 1.17 மடங்கு, 0.10 கூடக் குறைய இருக்கலாம். தராசு இல்லை, தொடவில்லை. ஆட்டத்தைப் பார்த்தே எடை போட்டாயிற்று. காகிதத்தில் கணக்கிட்டவர்கள் சொன்ன எண்ணோடு அது ஒத்துப்போனது.

தீராத விஷயமும் உண்டு. 1964ல் ஃபுல்டே, ஃபெரெல் என்ற இருவரும், ரஷ்யாவில் லார்கின், ஓவ்சின்னிகோவ் என்ற இருவரும் இன்னொரு சாத்தியம் சொன்னார்கள். மீதி நிற்பவை வெளியே போகாமல், ஜோடிகளுக்கு நடுவிலேயே வரி வரியாக இடம் பிடித்துக்கொள்ளலாம். புடவையில் கட்டம் போட்டாற்போல. குளிர்ந்த வாயுவில் இதைச் சந்தேகமில்லாமல் இதுவரை யாரும் பார்க்கவில்லை. அப்படி ஒரு நிலை இருந்தால், தட்டினால் அதற்கென்று தனி ஸ்வரம் கேட்க வேண்டும். அது என்ன ஸ்வரம் என்று ஒரு கணக்கு என் மேஜையில் பாதியில் இருக்கிறது. இங்கிருந்து நூறு கிலோமீட்டரில் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் குளிர் அணு ஆய்வகங்கள் உண்டு. உங்கள் பேரன் பேத்திகளில் யாருக்காவது இதில் ஆசை இருந்தால் ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தம்பியிடம் கேட்டேன், "சொல்லேன்" என்றான்.

முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவன் என் தம்பி. அவன் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. சுரங்கத்தில் சர்வே பிரிவில், பூமிக்குக் கீழே வேலை பார்த்தான். நான் சொன்ன கடப்பாரை வித்தை அவனுக்கும் தெரியும். எனக்கு ஒரு தடவை வாய்த்த காட்சி அவனுக்குத் தினப்படி. அப்பா அவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பத்து வருஷம் அலைந்தார். பெண் வீட்டார் வருவார்கள், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவார்கள், "பையன் சுரங்கத்துக்குள்ளே எறங்கறானாமே" என்று கேட்பார்கள், கடிதாசு போடுகிறோம் என்று போவார்கள். கடிதாசு வராது. பின்னால் அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். 2001ல் சுரங்கம் மூடியபோது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் அவன். நான் பாஸ்டனிலும் பாரிஸிலும் கருத்தரங்கில் ஜோடி இல்லாத அணுக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட எனக்கு அவன் நினைவு அந்த வார்த்தையோடு சேர்ந்து வந்ததில்லை. இது பெருமையாகச் சொல்லும் விஷயம் இல்லை.

நேற்று ராத்திரி இந்தப் பேச்சை அவனுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டான். முடிந்ததும், "வெளியில நிக்கறதே, அதுக்கு உள்ளே எடமில்லையா?" என்றான். உள்ளே போகலாம்டா, ஆனால் ஒரு ஜோடி கலைந்தால்தான் இடம், அதற்கு ஆகும் செலவு குளிரில் கட்டாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அது வெளியில நிக்கறது உள்ளே இருக்கறவாளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான்.

நாற்பது வருஷத்தில் எந்தக் கருத்தரங்கிலும் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஆனால் இதற்குக் கணக்கில் பதில் உண்டு. தெரியும். எல்லைக்கோட்டில் உள்ளே இருப்பதன் அழுத்தமும் வெளியே நிற்பதன் அழுத்தமும் சரிசமமாக இருந்தாக வேண்டும். வெளியே நிற்பவை விலகிப்போனால் உள்ளே இருக்கும் கூட்டம் அந்த வடிவில் நிற்காது, பரந்துவிடும். நடுவில் தட்டினால் அதிர்வு வெளி ஓட்டைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வரும். நான் இதை அவனிடம் சொன்னேன். "அப்போ பேச்சிலே அதையும் சேத்துக்கோ" என்றான். சேர்த்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று காரியதரிசி கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மூன்று மணிக்கு பஸ் ஏற்பாடு ஆகியிருக்கிறது. சயனைடு மண்மேடு வரை போகலாம். தம்பிதான் வழிகாட்டி. செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். காற்றடித்தால் மண் கண்ணில் விழும், வயதானவர்கள் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.